லண்டனில் ஒரு வாரன்ட் வாக்!

ஹீத்ரோ ஏர்போர்ட் இமிக்ரேஷன் க்யூவில் நிக்கும்போது உங்க மனசுல என்ன ஓடும்? எனக்கு ஓடினது ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, ஃபைலில் இருக்கிற பேங்க் ஸ்டேட்மென்ட்டை அந்த ஆபீஸர் நம்புவாரா? ரெண்டு, அம்மா கட்டிக்கொடுத்த மாவடு பாட்டில் சூட்கேஸுக்குள்ள ஒழுகாம இருக்குமா?

நம்ம கவலை அவ்வளவுதான். ஆனா இதே ஏர்போர்ட்டில், 2005 செப்டம்பர் 10-ம் தேதி, ஒருத்தர் இந்தக் க்யூ பக்கமே வரலை. பேரு டோரோன் அல்மோக். இஸ்ரேல் ராணுவத்தில் மேஜர் ஜெனரலா இருந்து ரிட்டயர் ஆனவர். பிளேன் இறங்கியாச்சு, கதவு திறந்தாச்சு, மத்த பாசஞ்சர்ஸ் எல்லாம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பியாச்சு. இவர் மட்டும் சீட்டை விட்டு அசையலை. காரணம், வெளியே அவர் பேரில் ஒரு அரெஸ்ட் வாரன்ட் ரெடியா இருந்தது. 2002-ல் காஸாவின் ரஃபா பகுதியில் 59 வீடுகளை இடித்தது போர்க்குற்றம்னு பாலஸ்தீனர்கள் சார்பா லண்டன் வக்கீல்கள் கொடுத்த புகார். விஷயம் இஸ்ரேல் தூதரகத்துக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு. 'இறங்காதீங்க'ன்னு தகவல் போச்சு. சுமார் ரெண்டு மணி நேரம் பிளேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்துட்டு, அப்படியே ஊருக்கு ரிட்டர்ன்!

போலீஸும் பிளேனுக்குள்ள ஏறலை. உள்ளே ஆயுதத்தோட பாதுகாவலர்கள் இருப்பாங்க, ஏர்போர்ட்டில் துப்பாக்கிச் சண்டை ஆகிடுமோங்கிற பயமும் ஒரு காரணம்னு 2008-ல்தான் வெளியே வந்தது. அல்மோக் மேல சொல்லப்பட்டது குற்றச்சாட்டு மட்டும்தான். எந்தக் கோர்ட்டும் விசாரிச்சுத் தீர்ப்பு சொன்னதில்லை. அதையும் இங்கேயே சொல்லிடறேன்.

நான் தொட்டிலில் கிடந்த காலத்துக் கதை இது. நானும் க்யூவில் நிக்கும்போது தெரிஞ்சுக்கலை. தெரிஞ்சது மூணு நாள் கழிச்சு, ஈஸ்ட் ஹாமில்.

மாடி வீட்டு ஆன்ட்டி சொன்ன ரூட்

செமஸ்டர் லீவுக்கு லண்டன் சித்தி வீடு. கிளம்பும்போதே எடிட்டர் சார் ஒரு கண்டிஷன் போட்டார். "பிக் பென், லண்டன் ஐ, மேடம் டுஸாட்ஸ் மெழுகு பொம்மைன்னு எழுதிட்டு வந்தே... கிழிச்சுப் போட்டுடுவேன்!" இன்டர்ன் வாழ்க்கை அப்படித்தான் பாஸ். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு, லண்டனில் வேற என்ன எழுத இருக்குன்னு தெரியலை.

ஈஸ்ட் ஹாம் தெரியும்ல? ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தா நம்ம ஊர் பஜார்ல நடக்கிற மாதிரியே இருக்கும். முருங்கைக்காய், மல்லிகைப்பூ, கொத்து ரொட்டி, நகைக்கடை... எல்லாம் உண்டு. சித்தி வீட்டுக்கு மேல் மாடியில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருத்தர் இருக்காங்க. ஒரு நாள் சாயங்காலம் அவங்க கொடுத்த இஞ்சி டீயைக் குடிச்சுட்டே என் சோகத்தைச் சொன்னேன்.

"பிள்ளை, பிக் பென் எங்கயும் ஓடாது. மேரிலபோன் ரோட்டில ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. முதல்ல அங்க போய் நிண்டு பாரும்" என்றார்.

ஆஸ்பத்திரியா! அதுல என்ன ஆன்ட்டி இருக்கு?

"1998-ல நான் இங்க வந்த புதுசு. வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ஆபீஸ் துடைக்கிற வேலை. வேலை முடிஞ்சு வரேக்க பார்லிமென்ட் வாசல்ல சிலி நாட்டுச் சனம் மேளம் அடிச்சுக்கொண்டு நிக்கும். ஒவ்வொருத்தற்ற கையிலயும் ஒரு போட்டோ. காணாமல் போன பிள்ளையள், புருசன்மார். அவையின்ர நாட்டை ஆண்ட மனுசனை அந்த ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பிடிச்சவங்கள்."

ஒரு நாட்டையே ஆண்டவரை, இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரி பெட்டில் வெச்சு அரெஸ்ட் பண்ண முடியுமா? நம்ம ஊர்ல ஹெல்மெட் போடாத வார்டு மெம்பரைப் பிடிக்கவே யோசிப்பாங்களே! மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆய்ஸ்டர் கார்டில் பத்து பவுண்டு ஏத்திக்கிட்டு கிளம்பிட்டேன். நீங்களும் கூடவே வாங்க.

ஸ்டாப் 1: லண்டன் கிளினிக்

ஈஸ்ட் ஹாமில் இருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் பிடிச்சா நேரா பேக்கர் ஸ்ட்ரீட். வெளியே வந்ததும் ஷெர்லாக் ஹோம்ஸ் சிலை. எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு 221பி வீட்டைத் தேடி இடது, வலதுன்னு ஓடறாங்க. நாம மேரிலபோன் ரோட்டில் கிழக்கே நடக்கணும். மெழுகு பொம்மை மியூசியத்தைத் தாண்டி (எடிட்டர் சார், நான் உள்ளே போகலை!), அழகான ஒரு பழைய சர்ச்சைத் தாண்டினா, டெவன்ஷயர் ப்ளேஸ் முனையில் நிக்குது அந்த பில்டிங். தி லண்டன் கிளினிக். பணக்காரங்க வைத்தியம் பார்த்துக்கற பிரைவேட் ஆஸ்பத்திரி.

1998 செப்டம்பரில் லண்டன் வந்தார் அகஸ்டோ பினோசே. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவப் புரட்சி நடத்தி சிலியைப் பிடிச்சவர். 1990 மார்ச் வரை ஆட்சி. அந்தக் காலத்தில் கொல்லப்பட்டவங்க, காணாமல் போனவங்க 3,000 பேருக்கு மேல. சித்திரவதைப்பட்டவங்க பல்லாயிரம் பேர். ஆட்சியை விட்ட பிறகும் ராணுவத் தளபதி, அப்புறம் ஆயுள்கால செனட்டர்னு சௌகரியமா இருந்தார். லண்டன் அவருக்குப் பிடிச்ச ஊர். கையில் டிப்ளமேட்டிக் பாஸ்போர்ட். முதுகு ஆபரேஷனை இங்கேயே முடிச்சுக்கிட்டு படுத்திருந்தார்.

அந்த நேரத்தில் ஸ்பெயினில் பல்தஸார் கார்ஸோன்னு ஒரு நீதிபதி. சிலி கொடுமைகள் பற்றி அங்கே 1996-லேயே புகார் கொடுத்து கேஸ் ஆரம்பிச்சிருந்தாங்க. ஆள் லண்டனில் இருக்கார்னு தெரிஞ்சதும் பிரிட்டிஷ் போலீஸுக்கு ஸ்பெயினில் இருந்து கோரிக்கை பறந்தது. அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோர்ட் மூடியாச்சு. லண்டன் மாஜிஸ்ட்ரேட் ஒருத்தர் தன் வீட்டிலேயே வெச்சு வாரன்ட்டில் கையெழுத்துப் போட்டார். ராத்திரி நள்ளிரவு நெருங்கும் நேரம், போலீஸ் ஒரு மொழிபெயர்ப்பாளரோட இந்த ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சது. 82 வயசு பினோசே கட்டிலில் கிடந்தபடியே கைதி ஆனார்!

எதிர் பிளாட்ஃபார்மில் நின்னு ரொம்ப நேரம் பார்த்தேன். டாக்ஸி வருது, போகுது. நர்ஸ் ஒருத்தர் காபி கப்போட ஓடறார். இங்கதான் அது நடந்ததுன்னு சொல்ற ஒரு போர்டும் என் கண்ணில் படலை. எத்தனை ஜன்னல்... இதுல எது அவரோடதா இருந்திருக்கும்னு எண்ணிட்டு இருந்தேன். செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரி பார்க்கவும், நைஸா நழுவிட்டேன்.

ஸ்டாப் 2: போ ஸ்ட்ரீட்

கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் ஒரு அட்வைஸ்: லிஃப்ட்டில் ஏறுங்க. 'நாம இன்ஜினீயரிங் காலேஜ் மாடிப்படியையே பார்த்தவங்க'ன்னு நான் படியில ஏறினேன். மொத்தம் 193 படி. 15 மாடிக்கு சமம்! மேலே வந்தப்போ என் நாக்கு பூமியைத் தொட்டுச்சு.

மூச்சு வாங்கிட்டு ராயல் ஆப்பரா ஹவுஸுக்கு எதிர்ப்பக்கம் பாருங்க. வெள்ளை நிறத்தில் கம்பீரமா இருக்கிற பில்டிங், பழைய போ ஸ்ட்ரீட் மாஜிஸ்ட்ரேட் கோர்ட். ஆஸ்கார் வைல்ட் கைதியா வந்த இடம். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட போராளிகளைக் கூண்டில் ஏத்தின இடம். 2006-ல் கோர்ட்டை மூடிட்டாங்க. இப்போ உள்ளே ஆடம்பர ஹோட்டல். ஒரு காபி விலையில் நம்ம மெஸ்ஸில் ஒரு வாரம் சாப்பிடலாம். பக்கத்திலேயே 2021-ல் திறந்த போலீஸ் மியூசியம். பழைய லாக்கப் அறைகளுக்குள்ள நீங்களே போய் நின்னு பார்க்கலாம்.

வாரன்ட் கதைகளுக்கு ஹெட் ஆபீஸ் இந்த போ ஸ்ட்ரீட்தான். பினோசேவை ஸ்பெயினுக்கு அனுப்பலாம்னு 1999 அக்டோபர் 8-ல் உத்தரவு வந்தது இந்தக் கோர்ட்டில். அல்மோக்குக்கு வாரன்ட் கொடுத்ததும் இங்கதான். எப்படி ஒரு சாதாரண ஆள் வந்து வாரன்ட் கேட்க முடியும்னு யோசிக்கிறீங்களா? இங்கிலாந்து சட்டத்தில் தனிமனிதரே கிரிமினல் கேஸ் போடற உரிமை பல காலமா இருக்கு. அதோட 1949 ஜெனீவா ஒப்பந்தங்களுக்காக 1957-ல் ஒரு சட்டம் போட்டிருக்காங்க. அதன்படி, மோசமான போர்க்குற்றத்தை யார் செஞ்சாலும், எந்த நாட்டில் செஞ்சாலும் இங்கே விசாரிக்கலாம். ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ஆதாரத்தோட வக்கீல் வந்து நின்னா, மாஜிஸ்ட்ரேட் வாரன்ட் கொடுக்கலாம். சூப்பர் சர்க்யூட்ல!

ஆனா எல்லா சர்க்யூட்டிலும் ஒரு ஃப்யூஸ் இருக்குமே. இங்கே அதுக்குப் பேரு இம்யூனிட்டி, அதாவது பதவிப் பாதுகாப்பு. 2004 ஜனவரியில் ஜிம்பாப்வே அதிபர் முகாபேவுக்கு எதிரா இதே கோர்ட்டில் வாரன்ட் கேட்டாங்க. நாட்டின் தலைவர், முடியாதுன்னுட்டாங்க. அடுத்த மாசமே இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் ஷாவுல் மொஃபாஸ். பதவியில் இருக்கிற அமைச்சர், முடியாது. 2005-ல் சீன வர்த்தக அமைச்சர் போ ஷீலாய். அரசு விருந்தினரா சிறப்புத் தூதுக்குழுவில் வந்தவர், முடியாது.

இந்த ஃப்யூஸை மாட்டினது சர்வதேச நீதிமன்றம். காங்கோ நாட்டு வெளியுறவு அமைச்சர் யெரோடியாவுக்கு பெல்ஜியம் நீதிபதி ஒருத்தர் 2000-ல் வாரன்ட் போட, காங்கோ தி ஹேக் நகரத்துக்குப் போய் கேஸ் போட்டது. 2002 பிப்ரவரி 14-ல் தீர்ப்பு: பதவியில் இருக்கிற வெளியுறவு அமைச்சரை இன்னொரு நாட்டுக் கோர்ட் கைது பண்ண முடியாது. காதலர் தினத்தில் வந்த தீர்ப்பு, கதிகலங்கினவங்களுக்கெல்லாம் கிஃப்ட்!

ஆக, நாற்காலியில் இருக்கிற வரை ஆபத்து குறைவு. இறங்கினாத்தான் பயம். சில பேர் நாற்காலியை விடவே மாட்டேங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமோன்னு லாக்கப்புக்குள்ள நிக்கும்போது தோணுச்சு.

ஸ்டாப் 3: பார்லிமென்ட் சதுக்கம்

ட்ரஃபால்கர் சதுக்கம் வழியா அரை மணி நேர நடை. பார்லிமென்ட் சதுக்கத்தில் நம்ம காந்தி தாத்தா சிலை (2015-ல் வெச்சது), மண்டேலா சிலை. ரெண்டு பேருமே ஜெயிலுக்குப் போனவங்க. எதிரே பிரபுக்கள் சபை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமா 2009 வரை இருந்தது அந்த சபையின் நீதிபதிகள்தான்.

பினோசே வக்கீல்கள், 'முன்னாள் அதிபருக்கும் பாதுகாப்பு உண்டு'ன்னு வாதாடி ஹைகோர்ட்டில் ஜெயிச்சுட்டாங்க. அப்பீல் இங்கே வந்தது. 1998 நவம்பர் 25. அன்னிக்கு பினோசேவுக்கு 83-வது பிறந்தநாள். டி.வி.யில் லைவ்! ஐந்து நீதிபதிகள் ஒவ்வொருத்தரா எழுந்து தீர்ப்பு சொல்றாங்க. முதல் ரெண்டு பேர் பினோசே பக்கம். மூணாவது எதிரா. நாலாவது எதிரா. ரெண்டுக்கு ரெண்டு! கடைசி ஓவர், கடைசி பால் மாதிரி ஐந்தாவது நீதிபதி ஹாஃப்மன் எழுந்தார்... எதிரா! 3-2. வெளியே சிலி மக்கள் அழுதுகிட்டே ஆடினாங்க.

இங்கதான் ட்விஸ்ட். கேஸில் ஒரு தரப்பா வாதாடின ஆம்னஸ்டி அமைப்போட அறக்கட்டளையில் ஹாஃப்மன் பொறுப்பில் இருந்தவர். அதை அவர் முன்னாடியே சொல்லலை. அவ்வளவுதான், அடுத்த மாசமே அந்தத் தீர்ப்பு ரத்து! நியாயம் பண்றவங்க கை சுத்தமா இருக்கணும்கிறதை எதிரிக்காகவும் விட்டுக்கொடுக்கலை பாருங்க, அது எனக்குப் பிடிச்சது.

மறுபடி ஏழு நீதிபதிகள். 1999 மார்ச் 24-ல் 6-1. சித்திரவதையை ஒரு நாட்டுத் தலைவரோட 'அலுவலகப் பணி'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனா சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தை பிரிட்டன் ஏற்றது 1988 டிசம்பர் 8. அதுக்கு அப்புறம் நடந்தது மட்டும்தான் கணக்கு. பதினாறரை வருஷ ஆட்சியில் பதினைஞ்சு மாசம்தான் செல்லும். நூறு மார்க் பேப்பரில் பத்து மார்க்கைக்கூட முழுசா திருத்தாத மாதிரி! இருந்தாலும் அந்தக் கொஞ்சமே போதுமானதா இருந்தது.

கடைசியில் என்ன ஆச்சு? உடல்நிலை சரியில்லைன்னு சொல்லி உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா 2000 மார்ச் 2-ல் விட்டுட்டார். மொத்தம் 503 நாள் காவல், பெரும்பாலும் சர்ரே பக்கம் ஒரு வீட்டில். மறுநாள் சான்டியாகோ ஏர்போர்ட்டில் வீல்சேரில் இறக்கினாங்க. மனுஷன் எழுந்து நின்னு நடந்தார்! உலகமே டி.வி.யில் பார்த்தது.

'அப்போ எல்லாம் வேஸ்ட்டா?'ன்னு நீங்க கேட்பீங்க. நானும் காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டே இதையேதான் கேட்டுக்கிட்டேன். ஊருக்குப் போனவருக்கு அங்கே பழைய மரியாதை இல்லை. அதே வருஷம் சிலி உச்ச நீதிமன்றமே அவரோட பாதுகாப்பைப் பறிச்சது. கேஸ் மேல் கேஸ். 2006 டிசம்பர் 10-ல், மனித உரிமை தினத்தன்னிக்கு, தண்டனை எதுவும் வாங்காமலே இறந்தார். ஆனா அவர் ஆட்களில் பல பேர் சிலி ஜெயிலுக்குப் போனாங்க. ஒரு ஆளைப் பிடிக்கலாம்னு உலகத்துக்குக் காட்டினதுதான் அந்த 503 நாள்.

ஸ்டாப் 4: 181, மேரிலபோன் ரோடு

வெஸ்ட்மின்ஸ்டரில் ஜூப்ளி லைன் பிடிச்சு திரும்பவும் பேக்கர் ஸ்ட்ரீட். இந்த தடவை மேற்கே நடங்க. காலையில் பார்த்த ஆஸ்பத்திரி இருக்கிற அதே ரோட்டில், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கு புது வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட். போ ஸ்ட்ரீட்டோட வாரிசு. யார் வேணாலும் உள்ளே போய் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். வாசலில் ஏர்போர்ட் மாதிரி செக்கிங். தண்ணி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிச்சுக் காட்டச் சொன்னாங்க. உள்ளே ஒரு நாடுகடத்தல் கேஸ். யாரோ ஒரு இளைஞன், கண்ணாடிக்குப் பின்னால், மொழிபெயர்ப்பாளர் சொல்றதைக் கவனமா கேட்டுட்டு இருந்தான். பத்து நிமிஷத்தில் முடிஞ்சுடுச்சு. அவனுக்காக டி.வி. கேமரா எதுவும் வரலை.

இந்தக் கோர்ட், பழைய இடத்தில் இருந்தப்போ, 2009-ல் ரெண்டு முடிவு எடுத்தது. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2008-09 காஸா போர் சம்பந்தமா செப்டம்பரில் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் எஹுத் பராக் மேல வாரன்ட் கேட்டாங்க. பதவியில் இருக்கார், கிடையாது. டிசம்பரில் ஸிப்பி லிவ்னி மேல கேட்டாங்க. அதே போர் நடந்தப்போ வெளியுறவு அமைச்சர், இப்போ வெறும் எதிர்க்கட்சித் தலைவர். வாரன்ட் கொடுத்தாச்சு! ஆனா அவர் பிரிட்டனுக்கு வரவே இல்லைன்னு தெரிஞ்சதும் வாபஸ். ஒரே போர், ஒரே கோர்ட், ஒரே வருஷம். வித்தியாசம் ஒரு நாற்காலி.

இஸ்ரேல் கொதிச்சது. பிரிட்டன் அரசு சட்டத்தையே மாத்திடுச்சு. 2011 செப்டம்பர் முதல், இந்த மாதிரி கேஸில் தனிமனிதர் வாரன்ட் கேட்கணும்னா அரசு வழக்குத் துறை இயக்குநரோட சம்மதம் வேணும். இந்தப் புது பில்டிங் திறந்ததும் அதே மாசம்தான்! அடுத்த மாசம் லிவ்னி லண்டன் வந்தார். சிறப்புத் தூதுக்குழு அந்தஸ்துன்னு வெளியுறவுத் துறை எழுதிக்கொடுத்தது. அரெஸ்ட் இல்லை.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். "சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்றார். "அரைகுறை ஆதாரத்தை வெச்சு யார் வேணா யாரை வேணா பிடிக்கச் சொன்னா எப்படி? பேச்சுவார்த்தைக்கு யார் வருவா? நாளைக்கு நம்ம ஊர் மந்திரியையும் பிடிச்சு வெச்சா ஒத்துக்குவியா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஆதாரம் பலமா இருக்கணும்கிறது சரி, சித்தப்பா. ஆனா பலமா இருக்கான்னு பார்க்கத்தானே மாஜிஸ்ட்ரேட் இருக்கார்? அவருக்கு முன்னாடி இன்னொரு கேட் போட்டா, கதவு திறக்கிறதுக்குள்ள ஃப்ளைட் கிளம்பிடுமே! அப்புறம் நம்ம ஊர் மந்திரி... தப்பு பண்ணியிருந்தா பிடிக்கட்டுமே?

கதவு முழுசா மூடலைங்கிறதும் உண்மை. அரசே கேஸ் நடத்தினா ரூட் க்ளியர். ஆப்கன் படைத் தலைவர் ஸர்தாத், காபூல் ரோட்டில் செக்போஸ்ட் போட்டு ஜனங்களைச் சித்திரவதை பண்ணவர். லண்டனில் பிடிபட்டார். 2005-ல் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் 20 வருஷம். சாட்சிகள் காபூலில் இருந்து வீடியோவில் பேசினாங்க.

நம்ம ஊர்ல?

கூகுள் பண்ணினப்போ ஒரு ஷாக். நம்ம நாட்டிலேயும் 1960-ல் போட்ட ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கு! வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டில் செஞ்ச போர்க்குற்றத்தையும் இந்தியாவில் விசாரிக்கலாம். ஆனா அதே சட்டத்தில் 17-வது பிரிவு: மத்திய அரசோ, அது சொல்ற அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் கேஸை எடுக்கும். பிரிட்டன் 2011-ல் மாட்டின பூட்டை நாம 1960-லேயே மாட்டிட்டோம்!

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்? அதுல இந்தியா மெம்பர் இல்லை. இலங்கையும் இல்லை. அந்தக் கோர்ட்டுக்குப் பதவிப் பாதுகாப்பு தடை இல்லை, ஆனா சொந்தமா போலீஸும் இல்லை. ரஷ்ய அதிபர் புதினுக்கு 2023 மார்ச்சில் வாரன்ட். 2024 செப்டம்பரில் மெம்பர் நாடான மங்கோலியாவுக்கே போய் சிவப்புக் கம்பளத்தில் நடந்துட்டு வந்தார். நெதன்யாகுவுக்கு 2024 நவம்பரில் வாரன்ட். 2025 ஏப்ரலில் ஹங்கேரி போய் வந்தார். ஆனா 2025 மார்ச் 11-ல் பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டே மணிலா ஏர்போர்ட்டில் இறங்கினதும் சொந்த நாட்டுப் போலீஸே பிடிச்சு தி ஹேக் அனுப்பிடுச்சு. ஒருத்தருக்கு கம்பளம், ஒருத்தருக்கு காவல்!

மறுபடியும் மாடி வீடு

கிளம்பறதுக்கு முதல் நாள் ஆன்ட்டிகிட்ட ரிப்போர்ட் கொடுக்கப் போனேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. 2010 டிசம்பரில் இலங்கை அதிபரா இருந்த மஹிந்த ராஜபக்சே ஆக்ஸ்ஃபோர்டில் பேச வந்ததையும், தமிழர்கள் போராட்டத்தால் அந்தக் கூட்டம் ரத்தானதையும் அவங்க சொன்னாங்க. "அண்டைக்கு நானும் குளிருக்குள்ள போய் நிண்டனான். கூட்டம்தான் நிண்டுது. வேற ஒண்டும் நடக்கேல்ல." அவர் அப்போ பதவியில் இருந்தவர். ஃப்யூஸ் ஞாபகம் இருக்கா?

அப்புறம் உள்ளே போய் ஒரு நீல நிற ஃபைலை எடுத்துட்டு வந்தாங்க. தம்பியோட பிறப்புச் சான்றிதழ் நகல், ஸ்கூல் ஐ.டி., கடைசியா எழுதின கடிதம், பல ஆபீஸுக்கு அனுப்பின மனுக்கள், வந்த பதில்கள், வராத பதில்களுக்கு போஸ்ட் ஆபீஸ் ரசீது. 2009 மே மாசத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மேலே ஒரு போட்டோ. என் வயசுதான் இருக்கும்.

"சிலிச் சனம் நிண்டதைப் பார்க்கேக்க, பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு பஸ் ஏறினனான் பிள்ளை. அப்ப அவையின்ர கையில படம். இப்ப என்ர கையில."

என்ன சொல்றதுன்னு தெரியலை. லேப் வைவாவில்கூட நான் இவ்வளவு நேரம் முழிச்சதில்லை. சும்மா இருக்க முடியாம, "இதெல்லாம் இவ்வளவு நீட்டா அடுக்கி வெச்சிருக்கீங்களே ஆன்ட்டி..." என்றேன்.

"ஆரும் ஒருநாள் கேட்டா, உடன எடுத்துக் குடுக்க வேணுமெல்லே" என்றபடி ரசீதுகளைத் தேதிவாரியா மறுபடி அடுக்க ஆரம்பிச்சாங்க.

ஃப்ரெண்ட்ஸ், பினோசே மேல ஸ்பெயினில் கேஸ் ஆரம்பிச்ச 1996-ல், அவர் ரெண்டு வருஷத்தில் முதுகு வலிக்கு லண்டன் வந்து படுப்பார்னு யாருக்கும் தெரியாது. புகார் மட்டும் ரெடியா இருந்தது. வாரன்ட்டில் கையெழுத்துப் போட ஒரு சாயங்காலம்தான் ஆச்சு. அதுக்கான காகிதங்களை 25 வருஷமா யாரோ வீட்டு அலமாரியில் பத்திரமா வெச்சிருந்தாங்க.

திரும்பும்போது ஹீத்ரோவில் ஃப்ளைட்டுக்காகக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே வரிசையா பிளேன்கள். ஒவ்வொண்ணிலேயும் ஆட்கள் இறங்கிட்டே இருந்தாங்க. நான் எண்ணிட்டே இருந்தேன்.

வாக் டிப்ஸ்: வெள்ளிக்கிழமை போங்க, கோர்ட்டும் இருக்கும், போலீஸ் மியூசியமும் திறந்திருக்கும் (கிளம்பறதுக்கு முன்னாடி நேரம் செக் பண்ணிக்குங்க). கோர்ட்டுகளுக்கு டிக்கெட் கிடையாது. கோர்ட்டுக்குள்ள போட்டோ எடுத்தா நீங்களும் உள்ளேதான்! ஓல்ட் பெய்லி பார்வையாளர் வரிசைக்கு செல்போன் கொண்டுபோகக் கூடாது. பார்லிமென்ட் சதுக்கத்திலேயே இருக்கிற புது உச்ச நீதிமன்றமும் ஃப்ரீ. குடை கட்டாயம். கோவென்ட் கார்டனில் லிஃப்ட்... சொல்லிட்டேன்!